நம்பரைத்தானே பார்த்தார்கள், பேச்சையா கேட்டார்கள்?

மன்னார்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. ஊருக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கிணறு வேண்டாம் என்று நடந்த ஒரு கூட்டத்துக்கு இவரும் போயிருந்தார். பல மாதம் கழித்துக் காவல் நிலையத்திலிருந்து போன் வந்தது. 'சும்மா ஒரு தடவை வந்துட்டுப் போங்க.' போனால் மேசையில் ஒரு கட்டுத் தாள். மஞ்சள் கோடு போட்ட வரிகளைக் காட்டி, 'இந்த நம்பருக்கு ஒரே மாசத்துல 14 தடவை பேசியிருக்கியே, யாரு இது?' என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னதற்கு, 'மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்? நம்பரைத்தானே பார்த்தார்கள், பேச்சையா கேட்டார்கள்?' என்றாராம். கோர்ட் அனுமதி இல்லாமல் இப்படி எடுக்கலாமா, மாமா சொல்வது சரியா என்று தம்பி கேட்கிறார்.

முதல் கேள்விக்குப் பதில் உங்களுக்குப் பிடிக்காது. நம் சட்டம் இன்றைக்கு இருக்கிற நிலையில், விசாரணையில் ஒரு வழக்கு இருந்து, எஸ்.பி. அந்தஸ்தில் உள்ள அதிகாரி எழுத்தில் கேட்டால், எந்த நீதிபதியின் கண்ணிலும் படாமலே உங்கள் அழைப்புப் பட்டியலை வாங்கிவிடலாம். இரண்டாவது கேள்விக்குப் பதில், மாமா சொல்வது தவறு. நல்ல மனிதர்கள் பலரும் நம்புகிற தவறு என்பதால் அதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

தஞ்சாவூர், திருவாரூர் கோர்ட்டுகளில் இருபது வருடத்துக்கு மேலாகக் குற்றவியல் வழக்கு நடத்துகிறேன். அந்தத் தாள்கட்டை நாங்களும் போலீஸாரும் சி.டி.ஆர். என்போம். முதலில் அதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் யாரைக் கூப்பிட்டீர்கள், யார் உங்களைக் கூப்பிட்டார்கள், எந்தத் தேதி, எத்தனை மணி எத்தனை நிமிடம் எத்தனை விநாடிக்குத் தொடங்கியது, எத்தனை விநாடி நீடித்தது. எஸ்.எம்.எஸ். வந்தது, போனது. உங்கள் போன் பெட்டியின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண், சிம் கார்டின் எண். பேச்சு தொடங்கும்போது எந்த டவரின் கீழ் இருந்தீர்கள், முடியும்போது எந்த டவரின் கீழ் இருந்தீர்கள். ஒரு வருடத்துக்கு எடுத்தால் சாதாரண விவசாயிக்கே நூறு பக்கத்தைத் தாண்டும். பேச்சு ஒரு வார்த்தைகூட இருக்காது.

பேச்சு தேவையும் இல்லை. ஒரு வீட்டின் ஒருநாள் காலையை எடுத்துக்கொள்ளுங்கள். 5.52க்குத் தங்கையிடமிருந்து அழைப்பு, 4 நிமிடம். 5.57க்கு கும்பகோணத்தில் ஒரு மகப்பேறு மருத்துவமனைக்கு 50 விநாடி. 6.03க்கு வாடகைக் கார் வைத்திருப்பவருக்கு. 9.31க்கு, கதவு திறந்ததுமே, கூட்டுறவுச் சங்கத்தின் நகைக்கடன் பிரிவுக்கு. 9.40க்கு ஓர் அடகுக்கடைக்கு. அதன் பிறகு மாலை வரை ஒரே டவரில் அசைவில்லாமல் போன். இரவு 8 மணிக்கு மேல் அரை நிமிடம் அரை நிமிடமாகச் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் 22 அழைப்புகள். பேச்சைக் கேட்டிருந்தால்கூட இந்த வீட்டைப் பற்றி இவ்வளவு வேகமாகத் தெரிந்திருக்காது. பேச்சில் நாம் மறைக்கலாம், பொய் சொல்லலாம், சுற்றி வளைக்கலாம். பட்டியலில் அதற்கு வழியில்லை. அந்த 22 அழைப்புகளில் சொன்னது சந்தோஷமா துக்கமா என்பது மட்டும்தான் அதில் இல்லை. மறுநாள் எந்த ஊர் டவருக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்த்தால் அதுவும் தெரிந்துவிடும்.

ஒருவருடையதை எடுத்தால் இவ்வளவு. ஓர் ஊரில் முப்பது பேருடையதை எடுத்து ஒன்றாக வைத்தால், யார் சொல்லி யார் வந்தார், யார் யாருக்குப் பணம் கொடுத்தார், யார் வீட்டில் கூடினார்கள் என்று ஒரு வரைபடமே கிடைக்கும். அதை வரைந்து தர மென்பொருள் இருக்கிறது. உங்களிடம் கேட்ட '14 தடவை' அப்படி ஒரு கணக்கிலிருந்து வந்ததுதான்.

இந்த 'யார் யாரோடு' என்ற கேள்விக்கு நம் மண்ணில் ஒரு பழைய கதை உண்டு, தம்பி. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் உப்பெடுக்கத் திருச்சியிலிருந்து நடந்தார்களே, அந்த ஊர்வலம் தஞ்சாவூர், கும்பகோணம், வலங்கைமான், நீடாமங்கலம் தாண்டி உங்கள் மன்னார்குடி வழியாகத்தான் திருத்துறைப்பூண்டிக்கும் வேதாரண்யத்துக்கும் போனது. அன்றைக்குத் தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் என்ற வெள்ளைக்காரர். அவர் நடப்பவர்களைத் தொடவில்லை. அவர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ இந்தியத் தண்டனைச் சட்டம் 157ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை என்று மாவட்டம் முழுக்க அறிவிப்புக் கொடுத்தார். ஒரு போராட்டத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. சனங்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலத்தைச் சாலையோர மரக்கிளையில் கட்டி வைத்துவிட்டுப் போனார்கள். கட்டியது யார் என்று யாருக்கும் தெரியாது. சோறும் போய்ச் சேர்ந்தது, ஆளும் தப்பித்தார்.

இன்றைக்கு அந்தப் பொட்டலத்தைக் கட்டப் போகிறவர், 'எத்தனை பேருக்குக் கட்டணும்?' என்று ஒரு போன் போடுவார். அந்த ஒரு போனில் அவர் பெயர், நேரம், நின்ற இடம் எல்லாம் பதிவாகிவிடும். 2021 டிசம்பரில் உரிம நிபந்தனையைத் திருத்தியபின், போன் கம்பெனிகள் இந்தப் பதிவுகளைக் குறைந்தது இரண்டு வருடம் வைத்திருந்தாக வேண்டும்; அதற்கு முன் ஒரு வருடமாக இருந்தது. தார்ன் காலத்தில் வீட்டுக்கு வீடு ஆள் நிறுத்தினாலும் கிடைத்திருக்காத தகவல் இது.

மடியில் கனம் என்கிறார் மாமா. அது கனமா இல்லையா என்று முடிவு செய்வது மடிக்குச் சொந்தக்காரர் இல்லையே, வழியில் நிற்கிறவர்தானே. 2017இல் எண்ணெய், எரிவாயுக் கிணறு வேண்டாம் என்று நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் உட்கார்ந்தவர்களை வளர்ச்சிக்கு எதிரிகள் என்று பேசினார்கள். கைது நடந்தது, வழக்கு வந்தது. 2020 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டமன்றமே பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றி, டெல்டாவில் புதிதாக எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்டக் கூடாது என்றது. மூன்று வருடத்துக்குமுன் கனமாக இருந்தது சட்டமாகிவிட்டது. அந்தக் கூட்டங்கள் எப்படிக் கூடின? ஒருவர் இன்னொருவருக்குப் போன் போட்டுத்தான். அந்தப் போன்களின் பட்டியல் ஒரு மேசையில் மஞ்சள் கோட்டோடு கிடக்கும் என்று தெரிந்திருந்தால் எத்தனை பேர் போனை எடுத்திருப்பார்கள்? உங்களையே கேட்டுப் பாருங்கள். ஸ்டேஷனுக்குப் போய் வந்தபின் அந்த நண்பரை எத்தனை தடவை கூப்பிட்டீர்கள்?

1962இல், போலீஸ் கண்காணிப்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்கு வந்த கரக் சிங் வழக்கில் நீதிபதி சுப்பாராவ் பெரும்பான்மையிலிருந்து மாறுபட்டு எழுதினார்: ஒருவரை நிழல்போலத் தொடர்ந்தால் அவர் உடல் நகரலாம், ஆனால் அது இயந்திரம் நகர்வதைப் போலத்தான். போலீஸ்காரர் நடந்து பின்தொடர்ந்த காலத்தில் எழுதியது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தபோது, அந்த மாறுபட்ட குரல்தான் நாட்டின் சட்டமானது. அரசு அதில் கைவைக்க வேண்டுமானால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்கு மிஞ்சி எடுக்கக் கூடாது, முறைகேடு நடக்காமல் இருக்கப் பாதுகாப்பும் வேண்டும். உங்கள் வழக்கில் நான் பிடித்துக்கொள்ளப் போகும் கொம்பு அதுதான்.

சட்டத்தின் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். பேச்சை ஒட்டுக்கேட்பதற்கு 1885ஆம் வருடத் தந்திச் சட்டம்தான் நூற்றுமுப்பது வருடத்துக்கு மேலாக அடிப்படை. பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்போ சம்பந்தப்பட்டால்தான் கேட்கலாம் என்று அதன் 5(2) பிரிவு சொன்னது. எப்படி, யார் சொல்லி என்று விதி எதுவும் இல்லாமலே ஓடியது. மக்கள் சிவில் உரிமைக் கழகம், பி.யு.சி.எல்., உச்ச நீதிமன்றத்துக்குப் போய் 1996 டிசம்பரில் தீர்ப்பு வாங்கியபின்தான் ஒழுங்கு வந்தது. மத்திய அல்லது மாநில உள்துறைச் செயலர் எழுத்தில் உத்தரவு போட வேண்டும், இரண்டு மாதம்தான் செல்லும், நீட்டித்தாலும் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது, ஒரு மறுஆய்வுக் குழு பார்க்க வேண்டும். இப்போது 2023ஆம் வருடத் தொலைத்தொடர்புச் சட்டமும் 2024 டிசம்பரில் வந்த விதிகளும் அந்த இடத்தில் இருக்கின்றன. அமைப்பு பெரிதும் அதேதான். உத்தரவு போடுபவரும் அரசு அதிகாரி, மறுஆய்வு செய்கிறவர்களும் அரசு அதிகாரிகள். நீதிபதி எங்கேயும் இல்லை.

மறுஆய்வு என்று ஒன்று இருக்கிறதே என்று ஆறுதலடைய வேண்டாம். நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் கொடுத்த அறிக்கையில், மத்திய மறுஆய்வுக் குழுவின் ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 உத்தரவுகள் வந்து நிற்கின்றன, இது நடக்கிற காரியமில்லை என்று எழுதியிருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் குழு அது. ஓர் உத்தரவுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் 18,000க்கு 300 மணி நேரம் ஆகும். சாப்பாடு தூக்கம் இல்லாமல் பன்னிரண்டரை நாள். அமைச்சரவைச் செயலர் தலைமையிலான குழு பன்னிரண்டரை நாள் அப்படி உட்காராது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இது பேச்சுக்கு. பட்டியலுக்கு இந்தக் காவல்கூடக் கிடையாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 91ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 94ஆம் பிரிவு: விசாரணைக்குத் தேவையான ஆவணத்தைக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியே எழுத்தில் கேட்டு வாங்கலாம். அதன்கீழ்தான் சி.டி.ஆர். வாங்குகிறார்கள். அந்த ஏட்டில் பக்கத்திலேயே இருக்கும் 95ஆம் பிரிவைப் பாருங்கள். தபால் நிலையத்தில் கிடக்கும் ஒரு கடிதம் விசாரணைக்கு வேண்டுமென்றால், மாவட்ட நடுவரோ தலைமைக் குற்றவியல் நடுவரோ செஷன்ஸ் கோர்ட்டோ உயர் நீதிமன்றமோ உத்தரவு போட வேண்டும். எஸ்.பி. கேட்டால் கடிதத்தைத் தேடி நிறுத்தி வைக்கலாம், அவ்வளவுதான். உங்கள் பாட்டி அத்தைக்குப் போட்ட ஒற்றை இன்லண்ட் லெட்டருக்கு இருக்கும் பாதுகாப்பு, உங்கள் இரண்டு வருட வாழ்க்கையைக் காட்டும் பட்டியலுக்கு இல்லை. இது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. ஜூனியர்கள் யார் வந்தாலும் இந்த இரண்டு பிரிவையும் அடுத்தடுத்துப் படிக்கச் சொல்வேன்.

எஸ்.பி. என்ற வரம்புகூட ஒரு பெரிய மனிதருக்கு நடந்ததால் வந்ததுதான். 2013இல் மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அருண் ஜேட்லியின் அழைப்புப் பட்டியலை யாரோ எடுக்க முயன்றது வெளியே வந்தது. தில்லி போலீஸில் ஒரு கான்ஸ்டபிள் கைதானார். நாடாளுமன்றத்தில் பெரிய பிரச்சினையானது. அந்த நாட்களில் யாரும் 'பேச்சையா கேட்டார்கள்' என்று சொல்லவில்லை என்பதை மாமாவிடம் சொல்லுங்கள். பட்டியல் போனாலே அந்தரங்கம் போயிற்று என்று ஆளும் கட்சி, எதிர்க்கட்சி எல்லாருக்கும் அன்றைக்குப் புரிந்தது. அதன்பிறகுதான் எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறைந்தவர் கேட்கக் கூடாது என்று உள்துறை அமைச்சகம் கட்டுப்படுத்தியது. அது நாடாளுமன்றம் போட்ட சட்டம் இல்லை, நிர்வாக அறிவுறுத்தல். அப்படியும் கசிவு நிற்கவில்லை. 2018இல் மகாராஷ்டிரத்தின் தாணேயில் சி.டி.ஆர். விற்ற தனியார் துப்பறிவாளர்களை வரிசையாகக் கைது செய்தார்கள். வாங்கியவர்களில் குடும்பச் சண்டைக்காரர்களும் உண்டு. சேர்த்து வைத்த பொருள் ஒருநாள் கை மாறத்தான் செய்யும்.

ஒட்டுமொத்தமாக எடுப்பது இன்னொரு கவலை. 2020இல் தொலைத்தொடர்புத் துறை சில மாநிலங்களில் குறிப்பிட்ட நாட்களுக்கு எல்லா வாடிக்கையாளர்களின் பட்டியலையும் கேட்கிறது என்று கம்பெனிகளின் சங்கமே எழுத்தில் முறையிட்டது. அழைப்பு இடையில் அறுந்துபோவதை ஆராயத்தான் என்று அரசு விளக்கம் சொன்னது. அமெரிக்காவில் இதே காரியம் ரகசியமாக வருடக்கணக்கில் நடந்தது. 2013 ஜூனில், அந்த நாட்டு உளவு அமைப்புக்கு ஒப்பந்தத்தில் வேலை பார்த்த எட்வர்ட் ஸ்னோடன் ரகசிய ஆவணங்களை வெளியிட்டபோதுதான், தேசியப் பாதுகாப்பு முகமை வெரைசான் கம்பெனியிடமிருந்து தினம் தினம் கோடிக்கணக்கானவர்களின் அழைப்புப் பதிவை வாங்கியது தெரிந்தது. அங்கேயும் அரசு சொன்ன முதல் வார்த்தை, 'யாரும் உங்கள் பேச்சைக் கேட்கவில்லை.' அடுத்த வருடம் ஜனவரியில், அரசு அமைத்த கண்காணிப்பு வாரியமே கோப்புகளைப் பார்த்துவிட்டு, ஒரு பயங்கரவாத விசாரணையில்கூட இந்தத் திட்டம் முடிவை மாற்றும் அளவுக்கு உதவியதாகத் தெரியவில்லை என்று எழுதியது. 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று இது சட்டப்படி செல்லாது என்றது. அதே வருடம் மொத்தமாகச் சேர்ப்பதைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். 2018இல் கார்ப்பென்டர் வழக்கில், 127 நாள் டவர் பதிவை வாரண்ட் இல்லாமல் எடுத்தது தவறு என்று அவர்கள் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. கம்பெனியிடம் இருப்பதால் அது உன்னுடையது இல்லை என்ற பழைய வாதம் அங்கே இந்த அளவுக்காவது உடைந்தது. இங்கே உச்ச நீதிமன்றம் இந்தப் பட்டியலைப் பற்றி நேராக அப்படி ஒரு தீர்ப்பு இன்னும் தரவில்லை.

சரி, டவருக்கு வருகிறேன். உங்கள் தாள்கட்டில் அதுதான் முக்கியம். பலர் நினைக்கிற மாதிரி, டவர் லொகேஷன் நீங்கள் நின்ற இடத்தைக் காட்டுவதில்லை. உங்கள் போன் எந்த டவரின் எந்தப் பக்கத்து ஆன்டெனாவோடு பேசியது என்று மட்டும்தான் காட்டும். சாதாரணமாக ஒரு டவரில் மூன்று பக்கம், ஒவ்வொன்றும் 120 டிகிரி. நகரத்தில் தெருவுக்குத் தெரு டவர் இருப்பதால் வட்டம் சின்னது. நம் பக்கம் மலையில்லை, மேடில்லை, கண்ணுக்கு எட்டிய வரை வயல். டவர்களும் தள்ளித் தள்ளித்தான். ஒரே பக்கத்து ஆன்டெனாவில் மூன்று ஊரும் இரண்டு வாய்க்காலும் ஒரு கொள்முதல் நிலையமும் அடங்கிவிடும்.

எனக்கு ஒரு கட்சிக்காரர் இருந்தார், கொள்ளிடக் கரைப் பக்கம். டிராக்டர் வைத்திருந்தவர். இரவு 1 மணிக்கு ஆற்றில் மணல் அள்ளினார் என்று வழக்கு. ஆற்றங்கரைக்கான டவரில் அவர் போன் இருந்தது, இரண்டு அழைப்பு. வேறு உருப்படியான சாட்சி இல்லை. அவர் சொன்னார்: 'ஐயா, முறைத் தண்ணி. அன்னிக்கு ராத்திரிதான் எங்க மடைக்கு முறை. தண்ணி வந்துடுச்சான்னு மேல்மடைக்காரருக்கு ரெண்டு தடவை போன் போட்டேன்.' போன் கம்பெனியின் பொறுப்பு அலுவலரைக் கூண்டில் ஏற்றி, கிராம வரைபடத்தை முன்னால் விரித்து, இந்த ஆன்டெனாவின் எல்லை எதுவரை என்று கேட்டேன். அவர் விரலால் ஒரு வட்டம் போட்டார். அதற்குள் ஆறும் இருந்தது, என் கட்சிக்காரரின் ஒன்றரை ஏக்கரும் இருந்தது, மேல்மடைக்காரரின் வீடும் இருந்தது. விடுதலை ஆனார். ஆனால் அதற்கு மூன்று வருடம் ஆனது. டிராக்டர் அதற்குள் தவணை கட்ட முடியாமல் போய்விட்டது. மடியில் ஒரு கனமும் இல்லாத மனிதர்தான் அவர்.

இதையெல்லாம் சொல்வதால் சி.டி.ஆரே கூடாது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். காணாமல் போன பெண்குழந்தையை டவரை வைத்து இரவோடு இரவாக மீட்டதைப் பார்த்திருக்கிறேன். ஆன்லைன் மோசடியில் ஓய்வூதியப் பணத்தை இழந்தவருக்கு அது இல்லாமல் வழியில்லை. என் கட்சிக்காரர்களையே அது காப்பாற்றியிருக்கிறது: சம்பவ நேரத்தில் அவர் சிதம்பரத்தில் இருந்தார் என்று காட்டியது அந்தப் பட்டியல்தான். எடுக்கட்டும். எடுக்குமுன் ஏன் என்று ஒரு நடுவரிடம் சொல்லட்டும், இன்னாருடையது, இத்தனை நாளைக்கு என்று அளந்து எடுக்கட்டும், விசாரணை முடிந்தபின் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்கட்டும். இன்றைக்கு உங்களுக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. ஸ்டேஷனில் மேசைமேல் வைத்ததால்தான் உங்களுக்கே தெரிந்தது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. அடுத்த முறை 'சும்மா வந்துட்டுப் போங்க' என்று போன் வந்தால், பணிவாக, எழுத்தில் அழைப்பாணை கொடுங்கள், வருகிறேன் என்று சொல்லுங்கள். சாட்சியாக அழைப்பதென்றால் பி.என்.எஸ்.எஸ். 179, சந்தேகத்தில் என்றால் 35(3). எதுவானாலும் தாளில் குற்ற எண் இருக்கும். உங்கள் அம்மாவையோ அறுபது தாண்டிய மாமாவையோ சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால், 179இன்படி அவர்களை ஸ்டேஷனுக்கு வரச்சொல்ல முடியாது, வீட்டுக்குத்தான் வந்து கேட்க வேண்டும். அந்தக் குற்ற எண் மிக முக்கியம். வழக்கே பதிவாகாமல் உங்கள் பட்டியலை எடுத்திருந்தால், எந்த விசாரணைக்காக என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இருக்காது.

போனைப் பூட்டைத் திறந்து கையில் கொடுக்காதீர்கள். 'காட்டுப்பா, பார்த்துட்டுத் தர்றேன்' என்று கேட்பது சட்டத்தின்படி கேட்பது இல்லை. கைப்பற்றுகிறோம் என்றால் மகஜர் எழுதி, அதில் ஐ.எம்.இ.ஐ. எண் போட்டு, நகல் தரச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் பேசினால் பட்டியலில் வராது என்று இளைஞர்கள் நம்புகிறார்கள். அழைப்புப் பட்டியலில் வராது, உண்மை. இணைய இணைப்புப் பதிவு என்று தனியாக ஒன்று இருக்கிறது, போனையே கொடுத்துவிட்டால் அதுவும் தேவையில்லை.

வழக்கு கோர்ட்டுக்கு வந்தால், சும்மா அச்சடித்த தாள் செல்லாது. புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ், அதாவது மின்னணுப் பதிவுக்குத் தரும் சான்று, பழைய சட்டத்தில் 65பி, இருக்கிறதா என்று முதல் நாளே கேட்க வேண்டும். உங்களுக்குச் சாதகமான பதிவு வேண்டுமென்றால் கோர்ட் மூலம் நீங்களும் வரவழைக்கலாம். இரண்டு வருடக் கணக்கை மறந்துவிடாதீர்கள். மூன்றாம் வருடம் போய்க் கேட்டால் அழித்துவிட்டோம் என்பார்கள். பாதுகாத்து வைக்கச் சொல்லி இப்போதே ஒரு மனுப் போட்டுவிடுவது நல்லது.

உயர் நீதிமன்றம் போவதென்றால், மன்னார்குடி திருவாரூர் மாவட்டம், ஆகவே சென்னை. ஒரத்தநாட்டில் இருக்கும் உங்கள் நண்பருக்கு மதுரைக் கிளை. பக்கத்துப் பக்கத்து ஊர், ஒருவர் வடக்கே போக வேண்டும், ஒருவர் தெற்கே. சென்னையில் நமக்குக் கைகொடுக்கும் தீர்ப்பு ஒன்று 2025 ஜூலை 2 அன்று வந்திருக்கிறது. 2011இல் ஒரு லஞ்ச வழக்குக்காக மத்திய உள்துறைச் செயலர் போட்ட ஒட்டுக்கேட்பு உத்தரவை நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ரத்து செய்தார். பொது அவசரநிலை, பொதுப் பாதுகாப்பு என்ற இரண்டும் இல்லாதபோது, சாதாரணக் குற்றத்தைத் துப்புத்துலக்க இந்த அதிகாரத்தை எடுக்க முடியாது, மறுஆய்வுக் குழு முன் பொருளை வைக்காததும் விதிமீறல், அப்படிக் கேட்டதைச் சாட்சியமாக்கக் கூடாது என்று தெளிவாகச் சொன்னார். எதிர்த்தரப்பு, சட்டவிரோதமாக எடுத்த சாட்சியமும் செல்லும் என்ற உச்ச நீதிமன்றத்தின் 1972ஆம் வருட மல்கானி தீர்ப்பைக் காட்டுவார்கள். தயாராக இருக்க வேண்டும். ஆனந்த் வெங்கடேஷின் தீர்ப்பு பேச்சைப் பற்றியது; பட்டியலுக்கும் அதே அளவுகோல் பொருந்தும் என்று நாம் வாதாடித்தான் நிலைநாட்ட வேண்டும். புட்டசாமியை வைத்து அது முடியும் என்று நம்புகிறேன்.

இப்போது உடனடியாக ஒரு வேலை. ஸ்டேஷனில் காட்டிய கட்டின் முதல் பக்கத்தைக் கண்ணை மூடி ஞாபகப்படுத்துங்கள். மேலே எஸ்.பி. அலுவலகக் கடித எண்ணும் தேதியும் இருந்ததா, அல்லது மொட்டையாக எண்கள் மட்டும் இருந்தனவா? எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை இருந்தது? கூட இருந்தவர் யார், அன்றைக்கு என்ன கிழமை? மறக்குமுன் ஒரு நோட்டில் எழுதித் தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கடித எண் இருந்திருந்தால் நாம் போகும் வழி ஒன்று. இல்லாமல் எடுத்திருந்தால், 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42ஆம் பிரிவில் அனுமதியில்லாமல் இந்தத் தகவலை எடுப்பதற்கு மூன்று வருடம் வரை சிறை இருக்கிறது. அது வேறு வழி, அதைப் போனில் பேச வேண்டாம். நோட்டோடு நேரில் வாருங்கள், மாமாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.